மலை யாருடையது?
குழந்தைகளை மலைக்கு அழைத்துப் போகும் அடியார்களுக்கு ஒரு சிந்தனை

ஓம் சரவணபவ!



கந்த சஷ்டி விரதம் முடிந்து கார்த்திகை பிறந்ததும் நம்ம குழுவில் வருஷா வருஷம் ஒரு கேள்வி வரும். "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. அவங்களையும் ஒரு மலைக்குக் கூட்டிட்டுப் போகணும். எந்த மலை சுலபம்?"

நான் எப்பவும் சொல்வது நம்ம கல்வராயன் மலையைத்தான். கள்ளக்குறிச்சியில் கிளம்பி கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் மலைப்பாதை தொடங்கிவிடும். மேலே கரியாலூர், வெள்ளிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர்கள். மேலே போய்விட்டால் பெரிய ஏற்றம் இல்லாத மண் பாதைகள் நிறைய உண்டு. புரட்டாசி வெயில் அடங்கி, ஐப்பசி மழையில் மலை பச்சை பிடித்திருக்கும். மரவள்ளிக் கொல்லை, சாமைக் கொல்லை, கடுக்காய் மரம், ஓடைத் தண்ணி எல்லாம் குழந்தை கண்ணுக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கும். வெள்ளியங்கிரி, பர்வதமலை மாதிரி செங்குத்தாக ஏறவேண்டிய கஷ்டம் இங்கே இல்லை.

ஆனால் எந்த மலை சுலபம் என்பதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பாதி வழியில் குழந்தை உட்கார்ந்துகொண்டு "நான் வரமாட்டேன்" என்று சொன்னால் என்ன செய்வது? தூக்கிக்கொண்டு போவதா? அதட்டி நடக்கவைப்பதா? திரும்பிவிடுவதா? நேர்த்திக்கடன் இருந்தால்? இதை யாரும் கிளம்புவதற்கு முன்னால் கேட்பதில்லை. அங்கே போனபிறகு எல்லாரும் கோபத்திலும் களைப்பிலும் இருக்கும்போது கேட்கிறோம். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

மலையும் குழந்தையும் நமக்குப் புதிதா என்ன? தொல்காப்பியம் மலை நிலத்துக்குத் தெய்வமாகச் சேயோனைச் சொல்கிறது. சேயோன் என்றால் செந்நிறத்தவன். அதே சேய் என்ற சொல்லுக்குக் குழந்தை என்றும் பொருள் உண்டு. பழத்துக்குக் கோபித்துக்கொண்டு மலையேறி நின்ற பிள்ளையைத்தான் பழனியில் கும்பிடுகிறோம். அப்பனுக்குப் பாடம் சொன்ன பிள்ளையைத்தான் சுவாமிமலையில் கும்பிடுகிறோம். கோபித்துக்கொள்ளும் குழந்தை, எதிர்த்துப் பேசும் குழந்தை, சொன்ன பேச்சைக் கேட்காத குழந்தை. சந்நிதியில் இருந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். நம்ம வீட்டில் இருந்தால் முதுகில் போடுகிறோம்!

சிரிப்புக்குச் சொல்லவில்லை. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கார்த்திகை மாதத்தில் எங்கள் பஜனைக் குழுவில் ஆறேழு குடும்பங்கள் கல்வராயன் மலைக்குப் போனோம். கரியாலூரைத் தாண்டி ஒரு ஓடையை ஒட்டிப் போகிற மண் பாதை. போக வர மூணு கிலோமீட்டர்கூட இருக்காது. எங்களோடு வந்த ஒரு ஆயாவுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். பெண்ணுக்கு ஒன்பது வயசு, பையனுக்கு ஐந்து. அந்த வருஷம் ஆடியில் பையனுக்கு டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து பிழைத்தவன். "எம்பேரனைக் காப்பாத்து முருகா, அவன் சொந்தக் கால்ல படியேறி வந்து உன்னைப் பார்ப்பான்" என்று ஆயா வேண்டிக்கொண்டிருந்தார். ஆத்தூர் பக்கம் இருக்கும் வடசென்னிமலைக்குத்தான் வேண்டுதல். பங்குனி உத்திரத்தில் செலுத்தவேண்டும். அதற்குப் பழக்கமாக இருக்கட்டும் என்றுதான் பையனை இந்த நடைக்கே கூட்டிவந்திருந்தார்.

முக்கால்வாசி தூரத்தில் பையன் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். முதலில் கொஞ்சினார்கள். அப்புறம் பிஸ்கட். அப்புறம் "பார், அக்கா நடக்குது பார்". கடைசியில் அப்பா கையைப் பிடித்து இழுத்தார். பையன் அழ ஆரம்பித்தான். அப்பா தூக்கப் போனபோது ஆயா தடுத்துவிட்டார்.

"தூக்காதடா. நடந்து வருவான்னுதான வேண்டிக்கிட்டேன்? இங்கயே தூக்குனா அங்க எப்படி ஏறுவான்?"

"அம்மா, அது அங்க. இது சும்மா நடக்க வந்தது."

"உனக்கு என்ன தெரியும்? ராத்திரி முழுக்க அவன் பக்கத்துல உக்காந்திருந்தவ நானு. சொன்ன வாக்கு தப்புனா மறுபடியும் காய்ச்சல் வந்துடும்டா."

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது. எங்களில் யாருக்கும் பேச வரவில்லை. அதுவரைக்கும் ஆயா பிடிவாதமாகப் பேசுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் பயத்தில் பேசியிருக்கிறார். அந்தக் குழந்தை இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விடக்கூடாதே என்ற பயம். அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை, இன்றைக்கும் வராது. ஆனால் அதற்கு ஒரு பதில் நம்ம சம்பிரதாயத்துக்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குழந்தைக்காக நாம் செலுத்தும் நேர்த்திக்கடன்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பாருங்க. துலாபாரத்தில் குழந்தை ஒரு தட்டில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். எதிர்த்தட்டில் வெல்லமோ வாழைப்பழமோ வைப்பது பெரியவர்கள். திருவண்ணாமலையில் கரும்புத் தொட்டில் பார்த்திருப்பீர்கள். வேண்டிப் பெற்ற குழந்தையைக் கரும்பில் கட்டிய சேலைத் தொட்டிலில் படுக்கவைத்து அப்பாவும் அம்மாவும் தோளில் சுமந்து மாடவீதி சுற்றுவார்கள். குழந்தை பாதி நேரம் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் வேண்டுதல் குறைந்துபோனதாக யாரும் சொன்னதில்லை. வேண்டிக்கொண்டவர் யாரோ அவர்தான் பாரத்தைச் சுமக்கிறார்.

"மொட்டை போடும்போதும் காது குத்தும்போதும் குழந்தை அழுவுதே, அதுக்காக நிறுத்துறோமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மொட்டை போடும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அது குழந்தைக்கு நாம் செய்வது. நடப்பது அப்படி இல்லை. முடியை நாம் எடுத்துவிடலாம், காதை நாம் குத்திவிடலாம், நடையை மட்டும் அதுவாகத்தான் நடக்கவேண்டும். ஒவ்வொரு அடிக்கும் அதன் மனசு வேண்டும். அடிக்குப் பயந்து நடந்த நடை, "விட்டுட்டுப் போயிடுவோம்" என்று மிரட்டி வாங்கிய நடை, அதைக் குழந்தையின் காணிக்கை என்று எப்படிச் சொல்வது? பிடுங்கிய பூவைச் சாமிக்குப் போடலாம். இன்னொருத்தர் கையிலிருந்து பிடுங்கிய பூவைப் போடலாமா?

தெய்வக் குத்தம் ஆகிவிடுமே என்ற பயத்துக்கு இடும்பன் கதையை விடப் பெரிய ஆறுதல் எனக்குத் தெரிந்து இல்லை.

கதை நம்ம எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் பொதிகைக்குக் கொண்டுவரச் சொல்லி அகத்தியர் இடும்பனுக்குக் கட்டளையிடுகிறார். இடும்பன் இரண்டையும் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்து வருகிறான். ஆவினன்குடி வந்ததும் களைப்பாக இருக்கிறது, இறக்கி வைக்கிறான். இளைப்பாறிவிட்டு மறுபடி தூக்கினால் மலை அசையவில்லை. மேலே பார்த்தால் கோவணம் கட்டிய ஒரு சின்னப் பையன் கையில் தண்டத்தோடு நிற்கிறான். இறங்கு என்றால் இறங்கவில்லை. இது என் மலை என்கிறான். சண்டை வந்து இடும்பன் விழுகிறான். இடும்பி அழுது கேட்க, பையன் அவனை எழுப்பிக் கொடுக்கிறான்.

நாம் வழக்கமாக இதைக் காவடி பிறந்த கதையாகத்தான் சொல்வோம். இன்னொரு பக்கமாகப் பாருங்க. இடும்பன் தப்பான காரியம் எதுவும் செய்யவில்லை. குரு சொன்னதைச் செய்கிறான். அவனிடம் ஒரு வாக்கு இருக்கிறது, போய்ச் சேரவேண்டிய இடம் இருக்கிறது, தோளில் பாரம் இருக்கிறது. குறுக்கே ஒரு குழந்தை வந்து நின்று "நகரமாட்டேன்" என்கிறது. கடைசியில் என்ன ஆச்சு? அந்த மலை பொதிகைக்குப் போய்ச் சேரவில்லை. குழந்தை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. சொன்ன வேலை முடியவில்லை. அதற்காக இடும்பனுக்குச் சாபம் வந்ததா? மலையேறும் வழியில் அவனுக்குச் சந்நிதி கிடைத்தது. இன்றைக்கும் பழனியில் அவனை வணங்கிவிட்டுத்தான் மேலே போகிறோம்.

குழந்தை நிறுத்திய இடத்தில் நின்ற வாக்குக்கு முருகன் கணக்குப் பார்க்கவில்லை. ஐந்து வயசுப் பையனின் கால்வலிக்கு வட்டி போட்டுக் காய்ச்சலாக வசூலிக்க அவன் என்ன கந்துவட்டிக்காரனா?

இதற்கு நேர் எதிரான பக்கத்தையும் சொல்லவேண்டும். குழுவில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், அன்றைக்கு ஒன்று சொன்னார். "அழுதா திரும்பிடலாம்னு பழக்கிட்டா, நாளைக்கு எந்தக் காரியத்தையும் முடிக்க மாட்டான். கொஞ்சம் கஷ்டப்படட்டும்." அவர் சொன்னதில் பாதி சரி. எல்லாக் கஷ்டத்தையும் நாமே துடைத்துவிட்டால் குழந்தைக்கு மலையே கிடைக்காது. காரில் மேலே போய், இறங்கி, நாலு போட்டோ எடுத்து, மறுபடி காரில் ஏறி, கையில் செல்போனைக் கொடுத்துக் கூட்டிவருவது குழந்தைமேல் இரக்கமும் இல்லை, மலைமேல் மரியாதையும் இல்லை. சறுக்கி விழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பது குழந்தைக்கு நல்லது.

ஆகவே "முடியாது" என்று குழந்தை சொல்வதில் இரண்டு விதம் இருக்கிறது என்பதைப் பெரியவர்கள் கண்டுபிடிக்கவேண்டும். ஒன்று சலிப்பு. பாதை ஒரே மாதிரி இருக்கிறது, எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை, பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போகிறார்கள். இதற்குத் தண்ணி கொடுத்து, பத்து நிமிஷம் உட்கார்ந்து, ஒரு கதை சொன்னால் போதும். வள்ளி தினைப்புனம் காத்த கதையை அந்தப் பச்சைக் கொல்லைகளுக்கு நடுவே உட்கார்ந்து சொல்லிப் பாருங்க, ஆலோலம் பாடிக்கொண்டே முன்னால் ஓடும். இன்னொன்று உடம்போ பயமோ சொல்கிற முடியாது. முகம் வெளுத்திருக்கும், பேச்சு குறைந்திருக்கும், ஈரத்தில் நடுங்கும். சின்ன உடம்பு நனைந்தால் நம்மைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோகும். அந்த முடியாதுக்கு ஒரே பதில் கீழ்ப்படிவதுதான். எது எது என்று தெரியாவிட்டால் இரண்டாவது என்றே வைத்துக்கொள்ளுங்க. காய்ச்சலிலிருந்து எழுந்து நாலு மாசம் ஆன குழந்தைக்கு நான் கேள்வியே கேட்கமாட்டேன்.

நம்மையும் சோதித்துப் பார்த்துக்கொள்ள ஒரு கேள்வி இருக்கிறது. "கூட யாரும் வரல, போட்டோ எடுக்க ஆள் இல்ல, நானும் பிள்ளையும் மட்டும்தான்னா இப்ப நான் என்ன செய்வேன்?" தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவேன் என்று மனசு சொன்னால், இதுவரைக்கும் குழந்தையை இழுத்தது பக்தி இல்லை, பக்கத்தில் நிற்கிறவர்கள்தான்.

அன்றைக்கு நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அந்த வழியாக ஒரு மலையாளி இனத்து அம்மா விறகுச் சுமையோடு வந்தார். பின்னால் ஏழெட்டு வயசுப் பெண் ஒன்று, அதுவும் தலையில் சின்னக் கட்டோடு. எங்களில் ஒருவர் உடனே பையனிடம், "பார், அந்தப் பாப்பா எப்படி நடக்குது, உனக்கு என்ன?" என்றார். அந்த அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டாரா தெரியாது. வானத்தைப் பார்த்துவிட்டு, "மேல மழை புடிச்சிருக்குது. ஓடைய ஒட்டி உக்காராதீங்க, திடீர்னு தண்ணி வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அந்தப் பாப்பாவைப் பார்" என்பது இரண்டு குழந்தைகளுக்கும் செய்கிற அநியாயம். அந்தக் குழந்தை வீரத்துக்காக நடக்கவில்லை. அங்கே பல கிராமங்களில் நடந்தால்தான் எதுவும் நடக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் அத்தனை உயிர் போனபிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. சாலை வசதி அதில் ஒரு முக்கியமான பேச்சு. நமக்கு ஒரு நாள் நடை, அவர்களுக்கு அது அன்றாடம். அங்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கால்வலியை நம்ம பிள்ளைக்குப் பாடமாகக் காட்டக்கூடாது. நம்ம பிள்ளை கேட்டால், "அவங்க ஊருக்கு பஸ் வரலடா, வரணும்" என்று உண்மையைச் சொல்லலாம். அதையும் ஒரு பக்தி என்றுதான் நான் நினைக்கிறேன். வள்ளி பிறந்த குலம் மலைக்குலம் என்று பாடிவிட்டு, மலையில் இருப்பவர்களைப் பார்க்காமல் வருவது எப்படிச் சரியாகும்?

அந்த அம்மா சொன்னது எல்லாரும் மனசில் வைக்கவேண்டிய விஷயம். ஐப்பசி, கார்த்திகை நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே எங்கோ பெய்த மழை ஓடையில் இறங்கி வரும். பாறை வழுக்கும். மேகம் அருவி, பெரியார் அருவி என்று கிளம்புகிறவர்கள் வனத்துறையினர் வேண்டாம் என்றால் வாதாடாமல் திரும்புங்க. காலையிலேயே நடந்துவிட்டு மதியத்துக்குள் ஊர்ப்பக்கம் வந்துவிடுவது நல்லது. கார்த்திகையில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும், மலையில் இன்னும் சீக்கிரம். ஒரு மாற்றுத் துணி, துண்டு, கூடுதலாகத் தண்ணி. போகும் வேகம் குழுவில் இருக்கிற ஆகச் சின்னப் பிள்ளையின் வேகம். கொண்டுபோன பிளாஸ்டிக் திரும்பி வரவேண்டும்.

முக்கியமாக, கிளம்பும் முன்பே பெரியவர்கள் பேசி முடிவு செய்யவேண்டியது ஒன்று: யார் திரும்புவது? அன்றைக்கு அக்காக்காரி, "நான் நடந்தேனே, நான் ஏன் பாக்கக்கூடாது?" என்று கேட்டாள். அவள் கேட்டதும் நியாயம். தம்பிக்காக அவளைத் திருப்பியிருந்தால் தம்பி மேல்தான் வெறுப்பு வந்திருக்கும். அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு மிச்ச தூரம் போய்வந்தார். நானும் ஆயாவும் பையனோடு ஓடையை விட்டு மேடான இடத்தில் இருந்தோம். அழுகை நின்றதும் பையன் கூழாங்கல் பொறுக்க ஆரம்பித்தான். ஆறு கல்லை வரிசையாக வைத்து, "ஆயா, இது ஆறுமுகம்" என்றான். ஆயா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இடுப்புச் சுருக்கிலிருந்து விபூதி எடுத்து ஆறு கல்லுக்கும் வைத்து, அவன் நெற்றியிலும் வைத்தார்.

பங்குனி உத்திரத்தில் வடசென்னிமலைக்கு அந்தக் குடும்பம் போனது. பையன் சில படி ஏறினான், சில படி அப்பா தோளில் போனான். ஆயா முட்டிவலியோடு ஒரு படி விடாமல் தானே ஏறினார். "அவன் நடக்காத படியெல்லாம் நான் நடந்துட்டேன், முருகனுக்குத் தெரியும்" என்று பிறகு என்னிடம் சொன்னார். சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளையும் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் ஆளுக்கு ஒன்றாக எடுத்து வளர்த்தார்கள் என்கிறோம். அந்த வரிசையில் ஆயாவுக்கும் ஒரு இடம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

அடியார்களே, இந்தக் கார்த்திகையில் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. கட்டாயம் போங்க. நடக்க விடுங்க, விழ விடுங்க, தொட்டுப் பார்க்க விடுங்க. வேண்டுதல் இருந்தால் அதன் பாரத்தை உங்க தோளில் வைத்துக்கொள்ளுங்க. பிள்ளை ஓர் இடத்தில் உட்கார்ந்து "வரமாட்டேன்" என்றால், இடும்பன் நிமிர்ந்து பார்த்த மாதிரி ஒரு நிமிஷம் பாருங்க. மலைமேல் நின்று "இது என் மலை" என்றவனும் அந்த உயரம்தான் இருந்தான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

(சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு இதை அனுப்புங்க. முருகன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.)